தொட்டியில் பொங்கிய நுரை

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரை போடுகிறாளா? நான் நலம்.

எங்கள் சாயப்பட்டறைக் கழிவுநீரில் அழுக்கைத் தின்பது கிருமிகள்தான். போன மாதம் செலவைக் குறைக்க, மேலதிகாரி அமிலக் கழிவைச் சுண்ணாம்பு கலந்து முறிக்காமலே கிருமித் தொட்டியில் விடச் சொன்னார். நல்ல கிருமிகள் செத்து, நுரை கிளப்புகிற கிருமிகள் பெருகின. நுரை தொட்டியோர நடைபாதையை மூடியதில், என்னோடு வேலை பார்க்கும் அறைத்தோழர் கால் தவறித் தொட்டிக்குள் விழுந்தார். சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டேன். அவருக்குக் கால் முறிந்துவிட்டது. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

விசாரிக்க வந்தவர்களிடம் மேலதிகாரி, "எல்லாம் அந்தக் கிருமி பண்ண வேலை சார்" என்று கைகழுவினார்.

"கிருமிக்கு வாயில்லைன்னு தைரியமா?" என்று கேட்டுவிட்டேன்.

"உனக்குத்தான் நீளமா இருக்கே. நாளையிலிருந்து அவன் வேலையையும் நீயே பாரு" என்றார்.

பயப்படாதீர்கள், பார்த்துத்தான் நடக்கிறேன். கையில் சொறி, அந்தப் பழைய களிம்பு கிடைத்தால் அனுப்புங்கள். போனில் பேசும்போது சீக்கிரம் வைத்துவிடாதீர்கள். அறையில் பேச ஆளில்லை.

பட்டறை வண்டி வந்துவிட்டது. அம்மா கேட்டால், ஆபீஸில் உட்கார்ந்த வேலை என்றே சொல்லுங்கள்.

உங்கள் மகன்