பாதி முகம் காட்டிய அம்மன்

ஸ்கெலட்டன் லைன், கோலார் தங்கவயல்
சோபகிருது வருஷம், ஆடி மாதம்

மரியாதைக்குரிய அண்ணா அவர்களுக்கு, தங்கை பார்வதம்மா வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். குடியாத்தத்தில் அண்ணியின் இடுப்பு வலி தேவலையா?

சுவருக்குச் சாயம் அடிக்கிறவனுக்குத் தங்கையைக் கொடுத்துக் கெட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் நீங்கள். அதன்பின் என் வீட்டில் கை நனைக்கவே இல்லை. அந்தச் சாயக்காரர் சேதியைத்தான் இன்று சந்தோஷமாக எழுதுகிறேன்.

கல்யாணமான புதிதில் உங்கள் மாப்பிள்ளை வரைந்த சாமிகள் நினைவிருக்கிறதா? உடம்பெல்லாம் நகையாக இருக்கும்; முகத்தைத் தேட வேண்டும். பிறகு பங்காருபேட்டையில் கடைப்பலகை எழுதும்போது சீமைப் படங்களைப் பார்த்துவிட்டு, குதிரை வரைந்தால் ஒவ்வொரு மயிரையும் வரைந்தார். பிழைப்பு போதாமல் சுரங்கத்தில் இறங்கியபின் கை அடியோடு மாறிவிட்டது. இப்போது விளக்குக்கரி, காவி, கொஞ்சம் மஞ்சள், அவ்வளவுதான். கேட்டால், “தெரியாத எடத்த வரையாம வுடறதுக்குத்தான் இத்தினி வருசம் ஆச்சு” என்கிறார்.

அப்படித்தான், சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் பக்கத்துக் கோயில் சுவரில் மாரியம்மனை எழுதினார். பாதி முகம் மஞ்சள், பாதி முகம் இருட்டு. திருவிழா நடத்தும் முனியப்பன் மேஸ்திரி பகலில் வந்து பார்த்துவிட்டு, “இன்னாய்யா இது, ஆத்தா மொகத்துல பாதிய யாரு தின்னுட்டாங்க? கூழ் ஊத்தறதுக்குள்ள சுண்ணாம்பு அடிங்க” என்று சொல்லிவிட்டார். ஒரு மூக்குத்தியாவது போடுங்கள் என்று நானும் கெஞ்சினேன். மனிதர் அசையவில்லை. படத்தை அழித்தால் இனிப் பிரஷைத் தொடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். சொன்னால் செய்கிறவர்.

சுண்ணாம்பும் கரைத்தாயிற்று. அதற்குள் பொழுது சாய்ந்து, ஷிப்டுக்கு இறங்குகிறவர்கள் வழக்கம்போலக் கும்பிட வந்தார்கள், தொப்பியில் களிமண்ணால் ஒட்டிய மெழுகுவத்தி எரிய. அந்த வெளிச்சம் பட்டதும் இருட்டுக்குள்ளிருந்து, பகலில் தெரியாத அம்மனின் இன்னொரு கண் பார்த்தது. அவர்களில் தசரதன் என்பவர் சொன்னார்: “கீழ நாம ஒர்த்தர் மொகத்த ஒர்த்தர் இப்டித்தான பாக்கறோம். ஆத்தா நம்மகூட எறங்கறாடா.” முனியப்பன் தலைப்பாகையை அவிழ்த்துவிட்டுக் கும்பிட்டார். உங்கள் மாப்பிள்ளை ஜெயித்துவிட்டார் அண்ணா, ஒரு புள்ளிகூட மாற்றாமல்! கரைத்த சுண்ணாம்பை வீணாக்குவானேன் என்று என் வீட்டுக்கு அடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை கூழ் ஊற்றுகிறோம். அண்ணியோடு வாருங்கள். அவரை நீங்கள் புகழ வேண்டாம். என் வீட்டில் ஒருவேளை சாப்பிட்டால் போதும். பொழுது சாயக் கோயிலுக்குப் போவோம், மெழுகுவத்தியை நான் பிடிக்கிறேன். நீங்கள் அம்மன் முகத்தைப் பாருங்கள். நான் என் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

வழி பார்த்திருக்கும் தங்கை
பார்வதம்மா