குதிரைப் பாதையும் பதினோராவது கேள்வியும்

லான்வேர், வேல்ஸ்
ஏப்ரல் 24

அன்புள்ள க்வென்னுக்கு,

உன் அண்ணி நெஸ்டா எழுதுவது. கனடாவில் பனி கரைந்ததா? உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே ஆட்டுக்குட்டிகள் பிறந்து முடிந்தன. உன் அண்ணன் எம்ரிஸ் போய் ஆறு மாதம் ஆகிறது. இன்னும் இரண்டு கோப்பைக்குத்தான் தேநீர்த் தண்ணீர் வைக்கிறேன்.

இந்தக் குருத்தோலை ஞாயிறன்று ஊரே கல்லறைகளைத் தேய்த்துக் கழுவிப் பூ வைத்தது. எம்ரிஸ் கல்லறை மட்டும் மொட்டையாகக் கிடந்ததாம். காரில் போகலாமே என்பாய். கார் பாலத்தோடு நின்றுவிடும், அதற்கு மேல் ஏற்றம். என் இடுப்புக்கு ஆகாது. நம் மட்டக்குதிரை ஷோனிதான் ப்ரைஸ் பண்ணை வழியாக என்னைத் தேவாலய வாசல்வரை கொண்டுபோகும். அந்த வழியைத்தான் அடைத்துவிட்டார்கள்.

பண்ணையைப் புதிதாக வாங்கியவர் கேட்டை எடுத்துவிட்டு, ஆள் மட்டும் ஏறித் தாண்டும் மரப்படி வைத்திருக்கிறார். மரியாதையான மனிதர்தான். "நடந்து வந்தா தாராளமா வாங்கம்மா. குதிரை மட்டும் கூடாது. வரைபடத்துல இது நடக்கறவங்க பாதைன்னுதான் போட்டிருக்கு" என்றார். "வரைபடம் போட்டவங்க என் இடுப்பப் பாக்கலையே தம்பி" என்றேன். சிரித்தார். ஆனால் கேட்டைத் திரும்ப வைக்கவில்லை.

கவுன்சிலில் இருந்து ஒரு பெண் படிவத்தோடு வந்தாள். இருபது வருஷம் ஜனங்கள் குதிரையில் போயிருந்தால் அதைக் குதிரைப் பாதை என்றே பதிய வைக்கலாமாம். "ஆனா ஒண்ணு பாட்டிம்மா, ஒளிஞ்சு போயிருக்கக் கூடாது, பூட்ட உடைச்சுப் போயிருக்கக் கூடாது, யார்கிட்டயும் அனுமதி கேட்டும் போயிருக்கக் கூடாது. கேட்டுப் போனா அது அவர் குடுத்த சலுகை, உங்க உரிமை இல்ல" என்றாள்.

க்வென், உன்னிடம் மறைத்து என்ன? கல்யாணமாகி வந்த முதல் வசந்தத்தில் உன் அண்ணன் ப்ரைஸ் வயல் நடுவே ராஜா மாதிரி குதிரையில் போவதைப் பார்த்து எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்றேன். "வழிக்கு எவன்கிட்டடி கேக்கணும்? மழை பெய்யட்டுமான்னு உன்கிட்ட கேட்டுட்டா பெய்யுது?" என்று கத்தினார். அவருக்குத் தெரியாமல் ஒரு திராட்சை ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு ப்ரைஸிடம் போய்க் கேட்டேன். கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உங்க குடும்பத்துல கேட்ட மொத ஆளு நீதான் தாயி. போங்க போங்க, கேட்ட மட்டும் சாத்திட்டுப் போங்க" என்றார். அவர் சாகும்வரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு ரொட்டி கொடுத்தேன்.

அன்றிலிருந்து ப்ரைஸ் எங்களைப் பார்த்தால் வணக்கமாகத் தொப்பியைத் தொடுவார். "பாத்தியா, என்னைக் கண்டா எவ்வளவு பயம்" என்று உன் அண்ணன் நெஞ்சை நிமிர்த்துவார். நான் வாயே திறக்கவில்லை. முப்பத்தெட்டு வருஷம்.

படிவத்தில் பதினோராவது கேள்வி அதுதான். யாரிடமாவது அனுமதி கேட்டீர்களா? ப்ரைஸும் இல்லை, உன் அண்ணனும் இல்லை. யாருக்குத் தெரியப் போகிறது? பென்சிலால் "இல்லை" என்று எழுதினேன். இரண்டு நாள் சமையல்கட்டு மேசையிலேயே கிடந்தது. பிறகு அழித்துவிட்டு மையால் "ஆம்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். அந்த முப்பத்தெட்டு வருஷமும் கணக்கில் இல்லாமல் போயிற்று. மரியாதை என்று நினைத்துச் செய்தது, வழியை அடைத்துவிட்டது.

இப்போது உன்னைத்தான் நம்பியிருக்கிறேன். ஆறு வயதில் குதிரையில் அண்ணன் முதுகைக் கட்டிக்கொண்டு அந்த வழியாகப் போக ஆரம்பித்தவள் நீ. கனடா போகும்போது உனக்கு முப்பது. நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முந்தைய இருபத்துநாலு வருஷங்கள் அவை. நீ யாரையும் கேட்டதில்லை, எனக்குத் தெரியும், நீயும் அவர் ரத்தம்தானே. பழைய ஆட்கள் எங்கிருந்து எழுதினாலும் எடுத்துக்கொள்வார்களாம். முடிவு எப்படியிருக்கும் என்று அந்தப் பெண் சொல்லவில்லை. படிவமும் வரைபடமும் இத்தோடு வைத்திருக்கிறேன். போன வழியைச் சிவப்பு மையால் கோடு போடு. ஜூன் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். எனக்காக எதையும் கூட்டி எழுதாதே, நடந்ததை எழுது.

ரொட்டி விஷயத்தை அண்ணனிடம் யார் சொல்வது என்று கவலைப்படாதே. அவர் தலைமாட்டில் உட்கார்ந்து நானே சொல்லித் திட்டு வாங்கிக்கொள்கிறேன். அதற்காவது நான் அங்கே போய்ச் சேர வேண்டும், க்வென்.

கடவுள் உன் முழங்காலுக்கும் உன் கைக்கும் பலம் கொடுக்கட்டும்.

உன் அண்ணி,
நெஸ்டா