நான் மட்டும் பார்த்த நாடகம்

2.6.1973, சனி

காலை முழுதும் பேக்கரியில் பாண் கியூவில் நின்றேன். பின்னேரம் சிவகுருநாதன் வீட்டுக்கு வந்தார். கச்சேரியில், அதுதான் மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், கலாசாரப் பகுதிக்குப் பொறுப்பானவர். மாவட்ட நாடகப் போட்டிக்கு ஒரு பெண் நடுவர் வேண்டுமாம். ஊர் ஊராகப் போய்ப் பார்க்க வேண்டும். முதலாவதாக வருகிற நாடகம் கொழும்பில் மேடையேறும்.

"பள்ளிக்கூடம் விட்டா வீடு. வீட்டுக்கையே இருந்து என்ன செய்யப்போறியள் டீச்சர்?"

ஓம் என்றேன். வேண்டாம் என்றால் ஒரு காரணம் சொல்ல வேண்டும். அதைத் தேட அலுப்பாக இருந்தது.

9.6

சல்லிக் கிராமம். அம்மன் கோயில் வெளியில் மேடை. பீப்பாய்களின் மேல் பலகை, திரைக்குத் தோணிப் பாய். எங்கும் கருவாட்டு மணம். ஒரு பக்கம் சிவகுருநாதன், மற்றப் பக்கம் மூன்றாவது நடுவர் கிண்ணியா அபூதாஹிர் மாஸ்டர், நடுவில் நான். அரசனின் மீசை கழன்று மந்திரியின் தோளில் ஒட்டிக்கொண்டது. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்கிறார்கள் என்று கண்டேன், அவ்வளவுதான். அறுபது புள்ளி போட்டேன்.

10.6

என் புருஷன் ஹெக்டர் போய் நாலு மாதம். சீனன்குடாவில் வேலையில் நின்றபடியே விழுந்த மனிதன். நெஞ்சுவலி என்றார்கள். மாதா கோயில் பூசைக்குப் போனேன். வந்தேன்.

16.6

தோப்பூர். நெல் மூட்டைகளை ஒரு பக்கம் ஒதுக்கி, களஞ்சியத்தை மண்டபம் ஆக்கியிருந்தார்கள். தும்மலும் இருமலுமாக நாடகம் நடந்தது. அறுபது.

திரும்பி வரும்போது சிவகுருநாதன் மெதுவாகச் சொன்னார். "எல்லாத்துக்கும் அறுபது போடுறியள் டீச்சர்."

"எல்லாம் ஒரே மாதிரித்தானே சேர் இருந்தது."

அவர் புள்ளித் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

23.6

மூதூர். லோஞ்சில் கடல் தாண்டிப் போனோம். பெண்கள் பள்ளிக்கூடத்தில் நாடகம். வாசலில் மைமூனா டீச்சர் நின்றா. நாடகத்தை எழுதிப் பழக்கியவ அவதான்.

"மன்னிக்கணும் சேர். நடிக்கிறதும் பொம்புளைகள், பாக்கிறதும் பொம்புளைகள். ஐவி டீச்சர் மட்டும் உள்ள வரட்டும்."

"அது சரிதானே," என்று அபூதாஹிர் மாஸ்டர் வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். சிவகுருநாதனும் பின்னால் போனார்.

யன்னல்களுக்குப் படுக்கை விரிப்புகள் கட்டியிருந்தார்கள். உள்ளே நிறையப் பெண்கள், மடிகளில் பிள்ளைகள். எனக்கு முன் வரிசையில் கதிரை, கையில் ஒரு விசிறி. தாடி ஒட்டிய பெண் ஒருத்தி வந்தா. யாரோ பாய் விரித்தார்கள். அவ்வளவுதான் நினைவிருக்கிறது. அடுத்ததாக எனக்குத் தெரிந்தது, எல்லோரும் கை தட்டினார்கள்.

"எப்படி டீச்சர்?" மைமூனாவின் முகம் வியர்த்திருந்தது.

"நல்லாயிருந்தது."

இன்னொரு சொல் வரும் என்று பார்த்துக்கொண்டு நின்றா. விசிறியை அவவிடம் கொடுத்தேன்.

லோஞ்சில் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். "சொல்லுங்கோ டீச்சர், கதை என்ன?"

"ஒரு மனிசன்... பாயில படுக்கிறார்."

"பிறகு?"

பிறகு? அபூதாஹிர் மாஸ்டர் கடலைப் பார்த்தார். "அறுபதோ?" என்று சிவகுருநாதன் கேட்டார். தலையாட்டினேன்.

24.6

அந்தப் பெண்களுக்கு இருந்தது என்ர ரெண்டு கண்தான். வேற ஆர் பார்க்க ஏலும்? அதையும் நான் கொண்டுபோகேல்லை. கதிரையில குந்தி விசிறியைப் பிடிச்சுக்கொண்டு - என்ன பொம்பிளை நான்?

25.6

கச்சேரிக்குப் போனேன். மூதூர் நாடகத்தை நான் பார்க்கவில்லை என்று சொன்னேன்.

"முன் வரிசையில இருந்தனீங்களே."

"இருந்தனான். பார்க்கேல்லை."

சிவகுருநாதன் பேனையை மூடினார், திறந்தார். "வெள்ளிக்கிழமை முடிவு அனுப்ப வேணும்."

"அதுக்கு முதல் போயிட்டு வாறன்."

27.6

லீவு போட்டுவிட்டுத் தனியே மூதூர் போனேன். மைமூனாவை வகுப்பு வாசலில் நிறுத்தி, அன்றைக்கு நான் பார்க்கவில்லை, திரும்ப ஒருக்கால் செய்து காட்ட முடியுமா என்று கேட்டேன். அவவின் முகம் இறுகியது.

"புள்ளைகள் எவ்வளவு பாடுபட்டது. ஏன் பாக்கல்ல?"

"தெரியாது. என்ர மனிசன் செத்துப்போனார். அதுக்குப் பிறகு ஒண்டும் உள்ளுக்குப் போகுதில்லை."

பாவம் என்று அவ சொல்லவில்லை. "தாடி கட்டின ஸல்ஹா அடுப்படியில நிப்பா. கூப்பிடுறன், இருங்க," என்றா.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு வகுப்பிலேயே செய்தார்கள். தாடி இல்லை, உடுப்பு இல்லை. ஸல்ஹாதான் புருஷன். பெண்சாதிக்குத் தன்மேல் எவ்வளவு பாசம் என்று அறிய மவுத்தானது போல, செத்தவர் மாதிரி, பாயில் கிடக்கிறார். பெருவிரல் அசைவதைப் பெண்சாதி கண்டுவிடுகிறா. அது மைமூனா. அழவில்லை. பக்கத்தில் சம்மணம் கட்டி இருந்து, வந்த சனத்துக்கு அவருடைய குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லுகிறா. குறட்டை, தொலைத்த குடைகள், மாமியாருக்கு முன்னால் ஒரு கதை, பின்னால் ஒரு கதை. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார். நடுவில் ஸல்ஹாவின் சொந்தக் குழந்தை தவழ்ந்து போய், பாயில் கிடந்த மையித்தின் வயிற்றில் ஏறி இருந்தது. மையித்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

என் வாயில் இருந்தும் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை. கன்னம் நனைந்திருந்தது. மைமூனா நிறுத்தாமல் அடுத்த குறைக்குப் போனா.

29.6

கச்சேரியில் இரண்டு பேருக்கும் முழுக் கதையும் சொன்னேன். சொல்ல வரவில்லை, நடித்தே காட்டினேன். அபூதாஹிர் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூவரும் ஆகக் கூடின புள்ளி அதற்குத்தான் போட்டோம். ஆனால் கொழும்பில் ஆண்களும் இருப்பார்கள். மைமூனா அதை அன்றைக்கே சொல்லிவிட்டா. "போறதுக்குச் செய்யல்ல டீச்சர். வெளியில இருந்து ஒராள் பாக்கணும். அதுக்குத்தான்." ஆகவே அடுத்ததாக வந்த சல்லி நாடகம் போகிறது.

21.7, சனி

கச்சான் காற்றில் குசினி யன்னல் அடித்துக்கொண்டே கிடந்தது. கொக்கி போய்க் கன காலம். சாத்தப் போன இடத்தில் வாய் திறந்துவிட்டது.

"இஞ்சேருங்கோ, இண்டைக்குச் செய்யிறன், நாளைக்குச் செய்யிறன் எண்டு எத்தனை வருசம் ஏமாத்தினீங்கள்? இப்ப ஆர் இதைப் பூட்டுறது? சொல்லாமக் கொள்ளாமப் போறதுக்கு மட்டும் அவசரம்."

பக்கத்து வீட்டு மாகிரட் வேலியால் எட்டிப் பார்த்தா. "ஆரோட ஐவி கதைக்கிறீர்?"

"ஹெக்டரோட."

இன்னும் கொஞ்சம் பேசினேன். பிறகு தேத்தண்ணி ஊற்றினேன். சீனி இல்லை. கசந்தது. எழும்பிப் போய் பனங்கட்டி எடுத்துக் கடித்தேன்.