முதல்வர் பெயரில் நாலாயிரம் புத்தகங்கள்

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தான், தொண்டை மட்டும் கட்டியிருக்கிறது. முப்பது பிள்ளைகளுக்கு டேட்டாபேஸ் கற்றுத் தருகிறவளுக்கு வேறென்ன ஆகும்? பலகையில் எழுதிப் போடுவதை நிறுத்திவிட்டேன். கல்லூரி நூலகப் பட்டியலின் நகலைக் கணினியில் ஏற்றி, "நீங்களே கேட்டுப் பாருங்க, அது பதில் சொல்லும்" என்று விட்டுவிட்டேன். இந்த வருடம் யாருமே எடுக்காத புத்தகம் எது என்று கேட்கும் கட்டளையை எழுதி, பதில் வந்ததும் ஒரு குட்டைப் பெண் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது.

கல்லூரி முதல்வருக்கு இந்தக் கூச்சல் பிடிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பாராம். திருப்தியில்லை என்றால் கணினி அறைக்குப் பூட்டு, பழையபடி மனப்பாடம். அப்படி ஆனால் நான் இங்கே இருக்க மாட்டேன்.

உன் வாலு

மார்ச் 8

வாலுக்குட்டிக்கு,

அவர் கிடக்கிறார், விடு. எங்கள் அலுவலகத்தில் உனக்கு ஒரு வேலை பேசி வைத்திருக்கிறேன். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கலாம். எனக்குத் தனியாகச் சாப்பிட்டு அலுத்துவிட்டது. நீ தோற்றால் நல்லது என்றுகூட ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன், பாவி. நன்றாகச் செய்.

அக்கா

மார்ச் 15

அக்கா,

மானம் கப்பலேறிவிட்டது! பார்க்க வந்த முதல்வர் ஒரு புத்தகம் எடுப்பதாகப் பதிந்து காட்டினேன். எந்தப் புத்தகம் என்ற நிபந்தனையை எழுத மறந்து கட்டளையைத் தட்டிவிட்டேன். நாலாயிரத்துச் சொச்சம் புத்தகமும் அவர் பெயரில்!

"இவ்வளவையும் நான் எப்பம்மா படிக்கிறது?" என்றார். நான் பதறிப்போய் விசைப்பலகையில் கை வைத்தேன்.

"மிஸ், எதையும் தொடாதீங்க! இன்னும் கமிட் பண்ணலை, நிரந்தரமா பதியலை, திருப்பிடலாம்!" என்று அந்தக் குட்டைப் பெண் ஓடி வந்தாள். 'ரோல்பேக்' என்று ஒரே வார்த்தை தட்டினாள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் முதல்வர்.

"போன மாசம் நான் மொத்தத்தையும் அழிச்சேன் சார். இவன் ரெண்டு தடவை" என்று பக்கத்துப் பையனைக் காட்டினாள்.

"நானும் சார்!" என்று வகுப்பே பெருமையாகக் கை தூக்கியது. முதல்வர் விழுந்து விழுந்து சிரித்தார். "பூட்டெல்லாம் வேண்டாம். கதவைச் சாத்திக்கிட்டுக் கத்துங்க, போதும்."

நான் இங்கேயே இருக்கிறேன், அக்கா. கோபமா?

வாலு

மார்ச் 20

வாலு,

கோபமில்லை. வருத்தம் உண்டு, பொய் சொல்ல மாட்டேன். உன் கடிதத்தை அலுவலகத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். மேலாளர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவரிடம் நானே சொல்லிவிட்டேன், வேறு ஆள் பாருங்கள் என்று.

தப்புச் செய்துவிட்டு இவ்வளவு சந்தோஷமாக நீ எழுதி நான் பார்த்ததில்லை. அங்கிருந்து உன்னை இழுத்து வர எனக்கு மனசில்லை. அதனால் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு நானே வருகிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு வண்டி. நிலையத்துக்கு வந்து நில்.

அக்கா