பங்களாப் பூனையின் அனுபவம்

என் உயிரான பெரியண்ணனுக்கு,

உங்கள் தம்பிதான் எழுதுகிறேன். நம்புங்கள், என் சொந்தக் கையால். மருமகள்தான் எழுத்துப் பழக்கினாள். ஒரு வரி முடிவதற்குள் தேத்தண்ணி ஆறிப்போகிறது. ஆனாலும் சந்தோஷத்தில் சிரிப்பு வருகிறது, அண்ணே.

ஜனாதிபதித் தேர்தல் முடிந்தது. அதற்கு முன்னால் நம் தோட்டக் கமிட்டித் தலைவர் நம் லயத்து வீட்டு வரிசைக்கு வந்து, வழக்கம்போல ஒரு சின்னத்தைக் காட்டி, அதற்கே போடச் சொல்லிப் பேசினார். எதிர்த்து நிற்கும் புது ஆளுக்கு நாட்டை ஆண்ட அனுபவம் இல்லையாம், கவிழ்த்துவிடுவாராம். நீங்களும் இதையேதானே சொல்வீர்கள்?

"அனுபவம் உள்ளவங்க ஆண்டப்பதான் எங்கண்ணனக் கம்பளியில கட்டித் தூக்கிட்டுப் போனோம்" என்றேன்.

அன்று உங்களுக்கு நெஞ்சு வலி. நாடே டீசலுக்கு வரிசையில் நின்ற காலம்; தோட்டத்து லொறிக்கும் டீசல் இல்லை. எல்கடுவ மலையிலிருந்து உங்களைச் சுமந்து இறங்கினோம். அந்த வலியிலும், "பெரியவங்களுக்குத் தெரியும்டா, நாளைக்கு டீசல் வந்துரும்" என்றீர்கள். பெரிய ரோட்டைத் தொடுமுன் உங்கள் கை குளிர்ந்துவிட்டது. அந்தப் பெரியவர்களுக்கு என்னதான் தெரிந்திருந்தது?

நாற்காலியில் இருந்த காலமெல்லாம் அனுபவமா? தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாப் பூனையும் ஆயுசு முழுக்கத் துரையின் நாற்காலியில்தான் படுத்துக் கிடந்தது. அதைத் துரையாக்கினார்களா? தலைவரிடமே இதைக் கேட்டேன். லயமே சிரித்தது. "பூனைக்கா போடச் சொன்னேன்?" என்று முனகிக்கொண்டே போனார்.

அனுபவமே வேண்டாம் என்கிறேனா? செடியின் கிளையை அளவாகக் கவ்வாத்து வெட்டத் தெரியாதவன் கையில் நானும் கத்தியைக் கொடுக்க மாட்டேன். ஆனால் மலை முழுக்கத் தேயிலைச் செடியைக் கொன்றவன், 'நான் பழைய ஆள்' என்று அதே கத்தியைத் திரும்பக் கேட்கிறானே! வெட்கம் என்பது இவர்களுக்கு ஒரு சொட்டும் கிடையாதா?

வாக்குச்சீட்டில் எல்லாப் பெயரையும் எழுத்துக் கூட்டி வாசித்தேன். வெளியே வரிசையில் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். நாட்டை ஆண்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்துத் தாண்டிப் போனேன், அண்ணே. அந்தச் சுகத்தை என்னவென்று சொல்வேன்!

ஜெயித்து வந்த புது ஆளையும் நான் தலையில் தூக்கி வைக்கவில்லை. அவர் ஆட்சியிலும் ஒரு நோயாளி கம்பளியில் மலை இறங்கினால், அடுத்த முறை அவர் பெயரையும் நிதானமாக வாசித்துத் தாண்டிப் போவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

கம்பளியின் தலைமாட்டைப் பிடித்து வந்த உங்கள் தம்பி,
சின்னையா