பூஜையன்று நின்ற மோட்டார்

விஜயதசமி, இரவு.

மரத்தூளை அமிலத்தில் வேகவைத்து எடுத்த சர்க்கரைக் கரைசலில், மாட்டுத் தீவனத்துக்காக எங்கள் ஆலையில் ஈஸ்ட் வளர்க்கிறோம். அதற்கு ஓயாமல் காற்று போக வேண்டும். நேற்று ஆயுத பூஜைக்கு ஆப்பரேட்டர் மாணிக்கம் காற்று மோட்டாரையும் நிறுத்திப் பொட்டு வைத்துவிட்டார். காலையில் கேட்டேன்.

"எல்லா மிசினுக்கும் லீவு வுட்டாச்சு. இது மட்டும் இன்னா சார் பாவம் பண்ணிச்சு?"

காற்றில்லாமல் போகவே, ஈஸ்ட் வளராமல் சர்க்கரையைச் சாராயமாக்கிவிட்டது. மதுவிலக்குக் காலத்தில், தொட்டி நிறைய! போலீஸ் மோப்பம் பிடித்தால் இருவரும் உள்ளே. அவசரமாகக் கடலுக்குப் போகும் சாக்கடையில் திறந்துவிட்டோம். "திருவொத்தியூர் மீனுக்கெல்லாம் இன்னிக்கு யோகம் சார்" என்றார் மாணிக்கம்.

வீட்டில் என் மனைவி சரோஜா சட்டையை முகர்ந்தாள். "ஈஸ்ட்" என்று ஆரம்பித்தேன். அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

கூடத்தில் பாய் கிடக்கிறது. தலையணை இல்லை.