தலைகீழாகத் தொங்கியவன் சொன்ன ஆமாம்

அண்ணாச்சி,

இன்று காலை உங்கள் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். மெஷின் எண்ணெயும் கிராம்பும் கலந்த அந்த வாடை இன்னும் போகவில்லை. உள்ளே முயல் துணி சுற்றிய பொட்டலம். துணியில் இருந்த முயல்கள் எல்லாம் வழக்கம்போலத் தலைகீழாக நின்றுகொண்டு என்னைப் பார்த்தன.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிறது. இதுவரை இழுப்பறையைத் திறக்காதவன் இன்று திறந்ததற்குக் காரணம் உண்டு. எனக்குப் பித்தப்பையில் கல்லாம். எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லி நாலு மாதம் ஆகிறது. "ஏனுங்க, கல்லு உள்ளயே குஞ்சு பொரிக்கட்டும்னு வெச்சிருக்கீங்களா?" என்று வீட்டில் தினமும் கேட்கிறாள். தனக்கென்று வரும்போதுதான் தெரிகிறது. பனியன் வேஸ்ட் துணியை சைக்கிளில் கட்டி விற்று, இந்த ஊரில் நாலு பேருக்கு வேலை கொடுக்கும் அளவுக்கு வந்தவன், ஒரு கத்திக்குப் பயந்துபோய் உங்கள் சீட்டுக்கட்டைத் தேடி வந்து நின்றேன். சிரிக்காதீர்கள்.

அந்தக் கட்டு நமக்கு எப்படி வந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா போகப்போகிறது, திருப்பூருக்கு நல்ல காலமா கெட்ட காலமா என்று ஊரே டீக்கடையில் அடித்துக்கொண்டிருந்த சமயம். வீரபாண்டியில் நாம் இருவரும் கூட்டாக நடத்திய பனியன் யூனிட்டுக்குச் சரக்குப் பார்க்க வந்த ஜெர்மன்காரம்மா, நாம் சொன்ன தேதியை நம்பாமல் கைப்பையிலிருந்து குறி பார்க்கிற டாரட் சீட்டுக்கட்டை எடுத்து, ஒரு சீட்டை உருவி மேஜையில் போட்டார். படம் நேராக வந்தால் ஆமாம், தலைகீழாக வந்தால் இல்லை என்றார். தலைகீழாக வந்தது. சரக்கும் பத்து நாள் தாமதமாகத்தான் போனது. அன்றே நீங்கள் சீட்டின் மயக்கத்தில் விழுந்துவிட்டீர்கள். அடுத்த முறை வந்தபோது அந்த அம்மா உங்களுக்கே ஒரு கட்டு வாங்கிவந்து கொடுத்தார்.

ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு பெரிய கதை உண்டென்று அவர் விளக்கிப் பார்த்தார். நம் இருவர் இங்கிலீஷுக்கும் ஆமாம், இல்லை என்ற இரண்டே போதுமானதாக இருந்தது.

நூல் விலை இறங்குமா? கேள். சாயம் போடும் டையிங்காரன் சொன்ன நாளில் துணி தருவானா? கேள். இதற்கு மட்டும் சீட்டே வேண்டாம், தரமாட்டான் என்று நான் சொல்வேன். நீங்கள் கேட்டுவிட்டுத்தான் நம்புவீர்கள். "உங்க ஊருல கோயில்ல செவப்புப் பூவா வெள்ளைப் பூவான்னு பொட்டலம் கட்டிப் போட்டுக் கேக்கீயள்லா? பல்லி கத்துனா ஆமாங்கியள்லா? எனக்கு மட்டும் ஒரு சீட்டு ஆகாதோவே?" என்பீர்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சீட்டைத் தொட மாட்டீர்கள். சர்ச்சுக்குப் போகிற நாள். உங்கள் வீட்டு அக்கா அதைச் சாத்தான் சீட்டு என்று வீட்டுப் படியேற விடாததால்தான் அது ஆபீஸ் இழுப்பறையில் குடியேறியது.

நம் முதல் சண்டை முயலால் வந்தது. குழந்தைகள் இரவு உடுப்புக்கு முயல் அச்சடித்த துணி. முயல்கள் எல்லாம் ஒரே திசையில் நிற்கும். அப்படிப்பட்ட துணியில் எல்லாப் பாகத்தையும் ஒரே பக்கமாகத் தலைவைத்துத்தான் வெட்ட வேண்டும். பிளெயின் துணி என்றால் ஒன்றைத் தலைக்கும் ஒன்றைக் காலுக்கும் மாற்றி அடுக்கலாம், துணி மிச்சமாகும். "மிச்சம் பண்ணுங்க அண்ணாச்சி, மிச்சம் பண்ணுங்க" என்று ஒரு வாரமாக உங்கள் காதருகே ஓதியவன் நான். பழக்கதோஷத்தில் மாற்றி அடுக்கி வெட்டியவர் நீங்கள். இருபது வருஷம் கட்டிங் மாஸ்டராக இருந்தவர்!

செக்கிங் டேபிளிலிருந்து சரசக்கா ஒரு உடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். "மாஸ்டரு, முன்னால மொயலு நல்லாத்தான் நிக்குதுங்க. பின்னால எல்லாம் சாமி வந்தாப்ல தலைகீழா நிக்குதுங்க."

ஜெர்மன்காரம்மாவிடம் உண்மையைச் சொல்வதா, மூடி அனுப்புவதா? நீங்கள் சீட்டை எடுத்தீர்கள். உங்களுக்கு நேராக இருந்தது. "ஆமா. சொல்லிருவோம்" என்றீர்கள். எதிர் நாற்காலியில் இருந்த எனக்கு அது தலைகீழாகத் தெரிந்தது. "எனக்கு இல்லைன்னு சொல்லுதுங்களே" என்றேன். எந்த நாற்காலி கணக்கு என்று அரை மணி நேரம் கத்தினோம். கடைசியில் எடுத்தவர் பக்கம்தான் கணக்கு என்று தீர்ப்பு. சொன்னோம். அந்த அம்மா திட்டிவிட்டுப் பின்பாகத்தை மட்டும் மறுபடி வெட்டச் சொன்னார். வீணான முயல்கள் ஊரெல்லாம் கைத்துடைப்பானாகவும் தலையணை உறையாகவும் உயிர் வாழ்ந்தன.

அன்றிலிருந்து நீங்கள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டீர்கள். ஒரே திசைத் துணி எது வந்தாலும், கத்தி படுவதற்கு முன் நீல மார்க்கரால் மேலே ஒரு அம்பு போட்டு, பக்கத்தில் 'ஒன் வே' என்று தமிழில் எழுதுவீர்கள். அந்த அம்பு இல்லாமல் ஒரு துணியையும் வெட்ட விட்டதில்லை.

அடுத்த வருஷம் உங்கள் நெஞ்சு மக்கர் செய்தது. கோயமுத்தூர் டாக்டர் நெஞ்சைத் திறந்து சரிசெய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் ஆள் தங்காது என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "சீட்டுக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்."

மறுநாள் காலை நீங்கள் வருவதற்குள் அக்கா ஆபீசுக்கு வந்துவிட்டார். கையில் பைபிள், கண்ணில் தண்ணீர். "தம்பி, நான் சொன்னா அவிய கேக்க மாட்டாவ. அந்தச் சாத்தான் சீட்ட எப்படியாவது நல்ல வார்த்தை சொல்ல வைய்யும். ஏசப்பாகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கிடுதேன்."

இதுவரை யாரிடமும் சொல்லாததை இப்போது உங்களிடம் சொல்கிறேன். கட்டை எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, எழுபத்தெட்டு சீட்டையும் ஒரே பக்கமாக அடுக்கினேன். ஒவ்வொரு சீட்டின் அடியிலும் அதன் பேர் அச்சடித்திருக்குமே, அந்த எழுத்தை மட்டும் பார்த்து அடுக்கினேன். படத்தைப் பார்க்கவில்லை. நீங்கள் கையில் வைத்துக் கலைப்பவர், அதில் தலைமாறாது. எதை எடுத்தாலும் ஆமாம்தான். வியாபாரி ஒருவன் சாமியையே நம்பினாலும் சரக்கைத் தன் கையால் அடுக்கித்தான் அனுப்புவான்.

வந்தீர்கள். உட்கார்ந்தீர்கள். கட்டைக் கையில் வாங்கி ஒரு தடவை விரலால் ஓட்டிப் பார்த்தீர்கள். கலைத்தீர்கள். எடுத்தீர்கள்.

ஒற்றைக் காலில் கயிறு கட்டி, தலைகீழாகத் தொங்குகிற ஒருவன்.

எழுபத்தெட்டில் அப்படி ஒரே ஒருவன்தான் இருந்திருக்கிறான் அண்ணாச்சி. எனக்கு வந்த வியர்வையில் ஒரு டிரம் சாயம் கலக்கலாம்.

"தலைகீழ்" என்றீர்கள். முகம் வெளுத்துவிட்டது. "ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லுது."

"எழுத்தப் பாருங்க அண்ணாச்சி. எழுத்து உங்களுக்கு நேராத்தானுங்க இருக்குது!"

"எழுத்து கெடக்கட்டும்வே. ஆளு தொங்குதாம்லா?"

"அது பிரிண்டே அப்படித்தானுங்க."

"எந்தக் கூறுகெட்டவன்வே ஆளத் தலைகீழா பிரிண்ட் போடுவான்?"

"ஏனுங்க, நாம மொயலப் போடலீங்களா?"

சிரித்தீர்கள் பாருங்கள், கட்டிங் டேபிளில் கத்தியை நிறுத்திவிட்டு எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். இந்த நெஞ்சுக்கு இந்தச் சிரிப்பே ஆகாதே என்று நான் ஓடிவந்து முதுகைத் தடவினேன். சிரிப்பு அடங்கியதும் சீட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தீர்கள்.

"ஏவே, இவன் மூஞ்சியப் பாரும். தொங்குதவன் மாதிரியா இருக்கு? சாப்பிட்டுக் கட்டில்ல சாஞ்சவன் மாதிரில்லா சொகமா கெடக்கான். சரி, தேதி கேளும்."

அக்கா தலைகீழ் முயல் உறை போட்ட தலையணையோடுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நர்ஸம்மா அதைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

அதற்கப்புறம் ஐந்து வருஷம் இருந்தீர்கள். கோட்டா போனதைப் பார்த்தீர்கள். மகள் கல்யாணத்தில் பந்தி விசாரித்தீர்கள். ஆனால் ஒரு நாளும் சீட்டு எடுக்கவில்லை. கேட்டால், "அது லீவுல இருக்குவே" என்பீர்கள். நானும் விட்டுவிட்டேன்.

இன்று முயல் துணியைப் பிரித்தேன். கட்டு அப்படியே இருந்தது. புரட்டிப் பார்த்தேன். எழுபத்தெட்டும் ஒரே பக்கம் பார்க்கின்றன, நான் அடுக்கியபடியே. தொங்குகிறவன்தான் அடியில் கிடந்தான். சீட்டைத் திருப்பி அவன் முதுகைப் பார்த்தேன்.

நீல மார்க்கரில் ஓர் அம்பு. பக்கத்தில் உங்கள் கையெழுத்து: ஒன் வே.

விரலால் ஓட்டிப் பார்த்தீர்களே, அப்போதே தெரிந்துவிட்டதா? முயலில் சூடுபட்டவர் அடுக்கைப் பார்க்காமல் இருப்பாரா? தெரிந்தேதான் கலைத்தீர்கள். தெரிந்தேதான் எடுத்தீர்கள். நான் அடுக்கியும் தலைகீழாக வந்தவனைப் பார்த்துத்தான் உண்மையிலேயே பயந்தீர்கள். ஐந்து வருஷம் என் எதிரே டீ குடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லையே, நீங்களா வெள்ளந்தி, நானா கெட்டிக்காரன்?

ஆக, இந்தச் சீட்டுகளிடம் என் கல்லைப் பற்றிக் கேட்டுப் பயனில்லை. எதை எடுத்தாலும் ஆமாம் என்றுதான் சொல்லும். அடுக்கியவன் நானே. பாதியைத் தலைமாற்றிக் கலைத்துவிட்டுக் கேட்கலாம்தான், கை வரவில்லை. உங்கள் அம்பு போட்டதைத் தலைமாற்ற இந்த யூனிட்டில் யாருக்கும் உரிமை இல்லை.

வீட்டுக்குப் போன் போட்டேன். "புதன்கிழமை சேந்துக்கறேன்னு ஆஸ்பத்திரிக்குச் சொல்லிரு" என்றேன். "ஏனுங்க, சாமி கனவுல வந்துதா?" என்றாள். "அண்ணாச்சி சொன்னாரு" என்று வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

கட்டை முயல் துணியில் சுற்றிப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். அந்த ஒருவனை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன், அம்பு மேலே பார்க்க, சரியாக. உள்ளே அவன் பாட்டுக்குச் சுகமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறான்.